வளியிலுள்ள நீரை வசப்படுத்தியவர் – வில்லிஸ் கரியர்



வெய்யில் கொளுத்தும் மத்தியான நேரத்தில் நீங்கள் ஒரு வங்கிக்குள் நுழைந்திருப்பீர்கள். கதவைத் திறந்தவுடன் உடம்பு குளிர்ந்துவிடும். இக்காலத்தில் வீடுகளிலும் அறைச் சுவரின் உயரத்தில் ஒரு வெண்ணிறப் பெட்டியைக் காண்கிறோம். நாம் பேச்சுவழக்கில் அதனை ஏ.சி. என்கிறோம். பாடநூலில் அது வளிச்சீராக்கி எனப்படும். இப்பெட்டி என்ன வேலை செய்கிறது என்று நான் வகுப்பிற் கேட்பதுண்டு. அறையைக் குளிராக்குகிறது என்றே எல்லோரும் சொல்வார்கள். அந்த விடைக்குப் பாதிப் புள்ளிதான் கொடுக்கலாம். மீதிப் பாதியை அறிய வேண்டுமாயின் அதனை உருவாக்கியவரின் வாழ்க்கையை நீங்கள் அறிய வேண்டும்.

இளமைக் காலம்

வில்லிஸ் ஹவிலண்ட் கரியர் 1876ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் அங்கோலா என்னும் சிற்றூரில் பிறந்தார். அவரது குடும்பம் கமம் செய்து வாழ்ந்த குடும்பம். வீட்டில் அவர் ஒரே பிள்ளை.

உங்களில் பலருக்குப் பின்னக் கணக்கு என்றால் பயம். சிறுவன் வில்லிசுக்கும் அப்படித்தான் இருந்தது. அவரது தாயார் ஒரு கூடை அப்பிளைக் கொண்டுவந்து, அவற்றைப் பாதியாகவும் காலாகவும் அரைக்காலாகவும் வெட்டி, கூட்டவும் கழிக்கவும் பழக்கினார். கடினமான ஒன்றைக் கண்ணாற் காணக்கூடிய சிறு துண்டுகளாக்கினால் அது விளங்கிவிடும் என்பதை வில்லிஸ் அன்று கற்றுக்கொண்டார். அத்தாயார் மணிக்கூடுகளையும் தையல் இயந்திரங்களையும் தாமே பழுதுபார்க்கும் கைத்திறன் உடையவர். வில்லிஸின் 11ஆவது வயதில் அவர் காலமானார்.

1893இல் அமெரிக்காவிற் பெரும் பொருளாதார நெருக்கடி உண்டாயிற்று. கமக்காரக் குடும்பத்தில் மேற்படிப்புக்குப் பணம் இல்லை. வில்லிஸ் சில காலம் பாடசாலையிற் படிப்பித்தார். பின்னர் புலமைப்பரிசில் பெற்றுக் கோர்னெல் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். அங்கும் புல் வெட்டியும் வீடுகளின் அடுப்புகளுக்கு நெருப்பு மூட்டியும் செலவுக்குப் பணம் தேடினார். 1901இல் பொறியியற் பட்டம் பெற்று வெளியேறியபோது அவருக்கு 24 வயது.

அச்சகத்தில் எழுந்த சிக்கல்

அதே ஆண்டில் பபலோ நகரத்தில் இருந்த பபலோ போர்ஜ் கம்பனியில் வாரம் 10 டொலர் சம்பளத்துக்கு அவர் வேலைக்குச் சேர்ந்தார். அக்கம்பனி வெப்பமூட்டும் சாதனங்களையும் காற்றூதிகளையும் செய்து விற்றது. குளிரூட்டுவது அதன் தொழில் அல்ல.

1902இல் நியூயோர்க் நகரின் புரூக்ளின் பகுதியில் இருந்த ஓர் அச்சகம் ஒரு முறைப்பாட்டைக் கொண்டுவந்தது. அக்காலத்தில் நிறப்படம் ஒன்றை அச்சிடும்போது ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தடவை அதே தாளை இயந்திரத்தில் விட வேண்டும். கோடை காலத்தில் வளியில் ஈரம் கூடும்போது தாள் அந்த ஈரத்தை உறிஞ்சி விரியும். ஈரம் குறையும்போது சுருங்கும். நேற்று அடித்த சிவப்பும் இன்று அடித்த நீலமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது. தாள் வீணாகும், வேலையும் பிந்தும்.

கவனியுங்கள் மாணவர்களே, அச்சகத்தார் தொழிலாளருக்கு வேர்க்கிறது என்று முறையிடவில்லை. தாள் நனைகிறது என்றே முறையிட்டனர். ஆகவே கரியருக்கு முன்னால் இருந்த வினா குளிரைப் பற்றியதல்ல, வளியிலுள்ள நீராவியைப் பற்றியது.

இங்கே உங்கள் விஞ்ஞான பாடத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். 30 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு கனமீற்றர் வளி ஏறத்தாழ 30 கிராம் நீராவியைக் கொள்ளும். அதே வளி 10 பாகைக்கு வந்தால் ஏறத்தாழ 9 கிராமைத்தான் கொள்ளும். மிகுதி நீராவி ஒடுங்கி நீர்த்துளியாகிவிடும். ஐஸ் தண்ணீர் விட்ட கிளாசின் வெளிப்புறம் வியர்ப்பது இதனாற்றான்.

கரியர் இந்த இயல்பைப் பயன்படுத்தினார். கொதிநீராவி ஓடும் வெப்பமூட்டும் குழாய்ச் சுருள்களில் அதற்குப் பதிலாகக் குளிர்ந்த நீரை ஓடவிட்டு, அவற்றின் மேலாக வளியைச் செலுத்தினார். குழாயில் நீர் ஒடுங்கி வடிய, வளி உலர்ந்தது. ஆண்டு முழுவதும் சாரீரப்பதனை 55 சதவீதத்தில் வைத்திருப்பதே இலக்கு. அவரது வரைபடங்களில் 1902 யூலை 17 என்ற திகதி இடப்பட்டிருந்தது. நவீன வளிச்சீராக்கியின் பிறந்தநாளாக இத்திகதியைக் கொள்வர்.

அந்தச் சாதனத்தின் வலு நாளொன்றுக்கு 108,000 இறாத்தல் பனிக்கட்டி உருகுவதற்குச் சமமாகும். ஒரு நாளில் 2,000 இறாத்தல் பனிக்கட்டி உருகுவதற்குச் சமமான குளிரூட்டலை ஒரு தொன் என்பர். அப்படியாயின் அது எத்தனை தொன்? வகுத்துப் பாருங்கள், 54 வரும்.

மூடுபனியிற் பிறந்த எண்ணம்

1902இன் பிற்பகுதியில் ஓர் இரவு கரியர் பிற்ஸ்பேர்க் நகரப் புகையிரத மேடையில் நின்றார். எங்கும் மூடுபனி. அந்தப் பனிக்குள் நின்றபடி அவர் சிந்தித்தார். இந்த வளி நீராவியால் நிரம்பியுள்ளது. ஆயினும் குளிராக இருப்பதால் இதில் உள்ள நீராவியின் மொத்த அளவு குறைவு. எனவே வளியை விரும்பிய வெப்பநிலையில் நிரம்பச் செய்தால், அதிலுள்ள நீராவியின் அளவை நாமே தீர்மானிக்கலாம் அல்லவா?

அதற்கு அவர் கண்ட வழி வியப்பானது. வளியைக் குளிர்ந்த நீர்த் தூறலின் ஊடாகச் செலுத்தினார். நீரைத் தெளித்து வளியை உலர்த்துவதா என்று பலர் நம்ப மறுத்தனர். தூறல் போதிய அளவு குளிராக இருந்தால் வளியிலுள்ள நீராவி அத்துளிகளின் மேலேயே ஒடுங்கிவிடும். இச்சாதனத்துக்கு 1906 சனவரி 2இல் ஆக்கவுரிமைப் பத்திரம் கிடைத்தது. அதன் இலக்கம் 808,897. வளிச்சீராக்கல் என்ற பெயரை இட்டவர் கரியர் அல்லர். அதே 1906இல் ஸ்ருவேட் கிறேமர் என்ற நெசவாலைப் பொறியியலாளரே அப்பெயரைப் பயன்படுத்தினார்.

1911 டிசம்பரில் கரியர் வெப்பநிலைக்கும் ஈரப்பதனுக்கும் இடையிலான தொடர்புகளைச் சூத்திரங்களாக்கி, அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் முன் சமர்ப்பித்தார். இத்துறையில் இன்றும் அது அடிப்படையாக விளங்குகிறது.

வீழ்ச்சியும் எழுச்சியும்

1914இல் முதலாம் உலகப் போர் தொடங்கியது. பபலோ போர்ஜ் கம்பனி வளிச்சீராக்கற் பிரிவைக் கைவிடத் தீர்மானித்தது. பன்னிரண்டு ஆண்டு உழைப்பு ஒரு தீர்மானத்தில் முடிந்துபோகும் நிலை வந்தது. கரியர் மனம் தளரவில்லை. 1915இல் அவரும் நண்பர்களுமாக ஏழு பொறியியலாளர் தங்கள் சேமிப்பைச் சேர்த்து 32,600 டொலர் முதலில் ஒரு புதிய கம்பனியைத் தொடங்கினர்.

1922இல் அவர் மையநீக்கக் குளிரூட்டும் இயந்திரத்தை அறிமுகம் செய்தார். முந்திய இயந்திரங்கள் பருத்தவை. அவற்றிற் பல நச்சுத்தன்மை உள்ள அமோனியாவில் இயங்கின. புதிய இயந்திரம் பாதுகாப்பானது, சிறியது. இதனால் மக்கள் கூடும் இடங்களுக்கு வளிச்சீராக்கி வந்தது. 1924இல் டெட்ரோயிட் நகரப் பல்பொருள் அங்காடி ஒன்றிலும், 1925இல் நியூயோர்க் ரிவோலி திரையரங்கிலும் அது பொருத்தப்பட்டது. ரிவோலியில் முதல் நாள் சனம் நிரம்பிவிட்டது. இயந்திரம் சற்றுப் பிந்தியே வேலை தொடங்கியது. எல்லோரும் கைவிசிறியால் விசிறிக்கொண்டிருந்தனர். கரியரும் நண்பர்களும் பின்னால் நின்று பதைபதைத்தனர். பின்பு ஒவ்வொரு விசிறியாக மடியில் இறங்கியது. பல ஆண்டு முயற்சி வென்றதை அவர்கள் அந்தக் கைகளின் அசைவிலேயே அறிந்துகொண்டனர்.

கரியர் 1950 ஒக்ரோபர் 7ஆம் திகதி தமது 73ஆவது வயதிற் காலமானார்.

உங்கள் வீட்டுச் சுவரில் கரியர்

1914இல் மினியாபொலிஸ் நகர மாளிகை ஒன்றில் பொருத்தப்பட்ட சாதனம் ஏறத்தாழ 20 அடி நீளமானது. இன்றைய வீட்டு ஏ.சி.யை ஒருவர் கையில் தூக்கிவிடலாம். இதில் இரு பகுதிகள் உண்டு. உள்ளே உள்ள பெட்டியில் குளிர்ந்த சுருளும் விசிறியும் இருக்கும். வெளியே உள்ள பெட்டியில் அமுக்கியும் வெப்பத்தை வெளிவிடும் சுருளும் இருக்கும். இரண்டையும் இரு செப்புக் குழாய்கள் இணைக்கும். கட்டடம் முழுவதும் தகரக் காற்றுக் குழாய் தேவையில்லை. சுவரில் ஒரு துளை போதும்.

இதனை வாங்கும்போதும் பொருத்தும்போதும் நம்மவர் விடும் பிழைகள் பெரும்பாலும் கரியரின் பாடத்தை மறப்பதால் வருபவையே.

முதலாவது, அளவு. கடையில் 9,000, 12,000, 18,000 பி.ரி.யூ. என்று சொல்வார்கள். 12,000 என்பது ஒரு தொன். பெரியதே நல்லது என்று சிறிய அறைக்குப் பெரிய ஏ.சி. வாங்கினால், அறை சில நிமிடத்திற் குளிர்ந்து அமுக்கி நின்றுவிடும். வளியிலுள்ள நீர் வடிய நேரம் கிடையாது. அறை குளிராகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கும். வேகத்தைக் குறைத்து ஓடக்கூடிய இன்வேட்டர் வகையிலும் இது முற்றாக நீங்காது. அறையின் பரப்பு, படும் வெய்யில், இருக்கும் ஆட்கள் ஆகியவற்றைக் கணக்கிட்டே வாங்க வேண்டும்.

இரண்டாவது, வடியும் நீர். சுவர்த் துளையும் வடிகுழாயும் வெளிப்புறமாகச் சரிந்திருக்க வேண்டும். சரிவு மாறினால் நீர் அறைக்குள் ஒழுகும். செப்புக் குழாய்களுக்கு வெப்பக் காவலி சுற்றாவிட்டால் அவையும் கிளாஸ் போல வியர்க்கும்.

மூன்றாவது, குழாயின் உட்புறம். அங்கே வளியும் ஈரமும் இருக்கவே கூடாது. ஈரம் உறைந்து வழியை அடைக்கும், அமிலம் உண்டாகி அமுக்கியைக் கெடுக்கும். ஆகவே குளிரூட்டி வாயுவைத் திறந்துவிடுமுன் வெற்றிடப் பம்பியால் குழாயை வெறுமையாக்குவர். தாமே பொருத்துவோருக்கென வாயு நிரப்பி மூடிய குழாய்களுடன் வரும் வகைகளும் உள்ளன. அவற்றுக்குப் பம்பி தேவையில்லை. ஆயினும் மின்னிணைப்பைத் தகுதிபெற்ற மின்னியலாளரிடமே விட வேண்டும். அதற்குத் தனிச் சுற்றும் தனிச் சுற்றுடைப்பானும் தேவை. வாயு உயர் அமுக்கத்தில் உள்ளது. எனவே பிள்ளைகள் தாமாகக் குழாயைக் கழற்றக் கூடாது.

மதிப்பீடு

கரியரின் கண்டுபிடிப்பு மருந்து உற்பத்திக்கும் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கும் நெசவாலைக்கும் பேருதவியாயிற்று. வெப்ப நாடுகளின் வேலைமுறையையே மாற்றியது. இதற்கு மறுபக்கமும் உண்டு. 1928இல் வேறு ஆய்வாளர் கண்டுபிடித்த குளோரோபுளோரோகாபன்கள் குளிரூட்டும் வாயுக்களாகப் பரவி ஓசோன் படையைத் தாக்கின. 1987இன் மொன்றியல் உடன்படிக்கை அவற்றைக் கட்டுப்படுத்தியது. பதிலாக வந்த வாயுக்கள் பல புவி வெப்பமடைதலைக் கூட்டுவதால் 2016இன் கிகாலித் திருத்தம் அவற்றையும் படிப்படியாகக் குறைக்க வகைசெய்தது. ஓர் அறையைக் குளிர்விக்கும்போது வெளியே வெப்பத்தைத் தள்ளுகிறோம், மின்சாரத்தையும் செலவிடுகிறோம். இந்தக் கணக்கை இன்னும் யாரும் முடிக்கவில்லை. முடிக்கப்போவது உங்கள் தலைமுறை. அப்பிளை வெட்டிப் பின்னம் படித்த பிள்ளையால் முடிந்தது உங்களாலும் முடியும்.

நினைவிற் கொள்க

1876 – பிறப்பு
1901 – பட்டம் பெறல்
1902 – அச்சகத்துக்கான முதல் வளிச்சீராக்கி
1906 – ஆக்கவுரிமைப் பத்திரம்
1911 – ஈரப்பதன் சூத்திரங்கள்
1915 – சொந்தக் கம்பனி
1922 – மையநீக்கக் குளிரூட்டும் இயந்திரம்
1950 – மறைவு

பயிற்சி வினாக்கள்

1. புரூக்ளின் அச்சகத்தின் சிக்கல் யாது? அதற்குக் காரணம் தருக.
2. குளிர்ந்த நீரைத் தெளித்து வளியை உலர்த்த முடிவது எவ்வாறு?
3. சிறிய அறைக்கு மிகப் பெரிய வளிச்சீராக்கியைப் பொருத்துவது ஏன் பொருத்தமற்றது?
4. கரியரின் வாழ்க்கையில் ஏற்பட்ட இரு தடைகளையும் அவற்றை அவர் வென்ற விதத்தையும் சுருக்கமாக எழுதுக.