ரிப்பேரா, புதுசா? ஹென்றி ஃபோர்டின் கதை



ஃபிட்டிங் செக்‌ஷனில் அரம் தேய்த்துக் கை காய்த்துப் போகும்போதும், லேத்தில் கூலன்ட் நாற்றம் சட்டையில் ஒட்டிக்கொள்ளும்போதும், இந்தக் கையழுக்கு நமக்கு எதற்கு என்று நம்மில் பலர் அலுத்துக்கொள்வதுண்டு. அந்த அழுக்கைக் கடைசிவரை அலுத்துக்கொள்ளாத ஒரு மனிதரின் கதையை இந்த ஆண்டு மலரில் எழுத ஆசைப்படுகிறேன். அவர் கல்லூரி வாசலை மிதித்தவர் அல்ல. கிராமத்து ஒற்றை அறைப் பள்ளியோடு படிப்பு முடிந்தது. ஆனாலும் சாதாரண விவசாயிகூடக் கார் வாங்கலாம் என்ற நிலையை உண்டாக்கியவர். அவர்தான் ஹென்றி ஃபோர்டு.

ஃபோர்டு என்றதும் எல்லோரும் அசெம்பிளி லைனைப் பற்றித்தான் எழுதுவார்கள். நான் எடுத்துக்கொண்டது வேறு கேள்வி. வயசான ஒரு வண்டியை ரிப்பேர் பார்த்து ஓட்டுவதா, தள்ளிவிட்டுப் புதுசு எடுப்பதா? லோடு வண்டியை நம்பி அடுப்பெரிகிற வீடுகளில் இது சாதாரணக் கேள்வி இல்லை. இதற்கான விடையில் பாதி ஃபோர்டு ஜெயித்த இடத்தில் இருக்கிறது. மீதிப் பாதி அவர் தோற்ற இடத்தில் இருக்கிறது.

கடிகாரம் பிரித்த பையன்

1863 ஜூலை 30-ஆம் தேதி அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டியர்பார்ன் பக்கத்தில் ஒரு பண்ணை வீட்டில் ஹென்றி பிறந்தார். தந்தை வில்லியம் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர். மகனும் தன்னைப்போல நிலத்தைக் கட்டிக் காக்க வேண்டும் என்பது அவர் ஆசை. பையனுக்கோ ஏரைவிடக் கடிகாரத்தின் மேல்தான் கண். நின்றுபோன கடிகாரத்தைப் பிரிப்பதும் மாட்டுவதும்தான் அவனுடைய விளையாட்டு.

1876-இல் தாயார் இறந்துபோனார். அப்போது ஹென்றிக்கு 12 வயசு. அதே வருஷம் டெட்ராய்ட் போகும் சாலையில், குதிரை இல்லாமல் தானாக ஊர்ந்து வந்த ஒரு நீராவி எஞ்சினைப் பார்த்தான். அப்பாவின் வண்டியிலிருந்து குதித்தோடி அந்த எஞ்சின்காரரைக் கேள்விகளால் துளைத்தெடுத்துவிட்டான். 16 வயதில் வீட்டைவிட்டு டெட்ராய்ட் போய் ஒரு மெஷின் ஷாப்பில் அப்ரென்டிஸாகச் சேர்ந்தான். வாரச் சம்பளம் தங்கும் செலவுக்குக்கூடப் பற்றவில்லை. அதனால் ராத்திரியில் ஒரு நகைக்கடையில் கடிகாரம் ரிப்பேர் பார்த்தான். பார்த்தீர்களா நண்பர்களே! உலகமறிந்த அந்தத் தொழிலதிபரின் முதல் உபரி வருமானமே ரிப்பேரில் வந்ததுதான்.

பிறகு எடிசன் மின்விளக்குக் கம்பெனியில் எஞ்சினியர் வேலை. 1893-இல் தலைமை எஞ்சினியர் ஆனார். அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, கேஸ் குழாய்த் துண்டை சிலிண்டராகவும் பழைய லேத்தின் சக்கரத்தை ஃப்ளைவீலாகவும் வைத்துச் செய்த ஒரு சின்ன எஞ்சினைச் சமையலறையில் மாட்டினார். பச்சைக் குழந்தை எட்செல் அந்த வீட்டில்தான் இருந்தான். மனைவி கிளாரா சமையல் வேலையை நிறுத்திவிட்டுத் துளித் துளியாகப் பெட்ரோல் விட, எஞ்சின் ஓடியது. 1896 ஜூனில் முதல் வண்டி தயார். ஷெட்டின் கதவு வண்டியைவிடக் குறுகல்! அவர் கோடாரியை எடுத்துச் சுவரை இடித்து வண்டியை வெளியே கொண்டுவந்தார்.

அதற்கப்புறம் எல்லாம் வெற்றிதான் என்று நினைத்துவிடாதீர்கள். 1899-இல் தொடங்கிய முதல் கம்பெனி கலைந்துபோனது. இரண்டாவது கம்பெனியிலிருந்து 1902-இல் அவரே வெளியேற வேண்டியதாயிற்று. 1903-இல் ஆரம்பித்த மூன்றாவதுதான் நிலைத்தது. அப்போது அவருக்கு வயது 40 ஆகப் போகிறது.

யார் வேண்டுமானாலும் கழற்றலாம்

1908 அக்டோபரில் மாடல் டி வந்தது. விலை 850 டாலர். 4 சிலிண்டர், 20 குதிரைசக்தி. முன்னால் போக இரண்டே வேகம், பின்னால் போக ஒன்று. அழகில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. ஆனால் நம் துறை மாணவர்கள் அதன் எஞ்சினைக் கவனிக்க வேண்டும். நான்கு சிலிண்டரும் ஒரே பிளாக்கில் வார்க்கப்பட்டவை. ஹெட் மட்டும் தனியாகக் கழற்றும்படி போல்ட் போட்டது. அந்தக் காலத்தில் பல எஞ்சின்களில் பிளாக்கும் ஹெட்டும் ஒரே வார்ப்பு. வால்வு தேய்க்க வேண்டும், கரி சுரண்ட வேண்டும் என்றால் பெரும்பாடு. ஃபோர்டின் வண்டியிலோ ஒரு விவசாயியே களத்து மேட்டில் நிறுத்தி, ஸ்பேனரை எடுத்து ஹெட்டைக் கழற்றிவிடலாம். ஆக்ஸில் போன்ற பாகங்களுக்கு வனேடியம் எஃகு போட்டார். அதனால் மேடு பள்ளமான மண் சாலையிலும் வண்டி தாங்கியது.

இன்னொரு விஷயம், ஒரு வண்டியின் பாகம் இன்னொரு வண்டியில் தட்டாமல் தேய்க்காமல் அப்படியே பொருந்தியது. நாம் மெட்ராலஜி லேபில் பயந்து பயந்து தொடுகிற ஸ்லிப் கேஜை உருவாக்கியவர் ஸ்வீடன் நாட்டு யோஹான்சன். அவரை 1923-இல் ஃபோர்டு தன் கம்பெனிக்கே அழைத்துக்கொண்டார். டாலரன்ஸ் என்பது பரீட்சைக்குப் படிக்கிற பாடம் மட்டும் அல்ல. உதிரி பாகம் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே அதனால்தான்.

குறையும் இருந்தது. பெட்ரோல் பம்ப் கிடையாது. டாங்க்கிலிருந்து தானாக இறங்கி வர வேண்டும். செங்குத்தான மேட்டில் எஞ்சினுக்குப் பெட்ரோல் எட்டாது. அதனால் வண்டியைத் திருப்பி ரிவர்ஸிலேயே மேடேற்றுவார்கள்! ஆனாலும் மக்கள் அதை விடவில்லை. பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்திப் பெல்ட் மாட்டி மரம் அறுத்தார்கள். பின்பக்கத்தை வெட்டிப் பெட்டி கட்டி மூட்டை ஏற்றினார்கள். இதைக் கண்ட ஃபோர்டு கம்பெனி 1925-இல் பின்னால் இரும்புத் தொட்டி வைத்த வண்டியைத் தானே தயாரித்து 281 டாலருக்கு விற்றது. இன்று நம் ஊர்ச் சந்தைகளில் தக்காளி ஏற்றிப் போகும் பிக்கப் வண்டிகளுக்கெல்லாம் அது ஒரு பாட்டன் என்றால் மிகையாகாது.

1913-இல் அசெம்பிளி லைன் வந்தபின் 12 மணி நேரத்துக்கு மேல் பிடித்த சேஸ் அசெம்பிளி 93 நிமிடத்துக்கு இறங்கியது. 1914-இல் தொழிலாளிக்கு 8 மணி நேர வேலை, நாளுக்கு 5 டாலர் ஊதியம். 1916-இல் ஏழைப் பையன்களுக்காக ஒரு தொழிற்பள்ளி தொடங்கினார். ஒரு வாரம் வகுப்பு, இரண்டு வாரம் ஒர்க்‌ஷாப், கையில் உதவித்தொகையும் உண்டு. கிட்டத்தட்ட நம் டிப்ளமோ மாதிரிதான்! அந்தப் பள்ளி 1952 வரை நடந்தது.

பிடிவாதம்

இதுவரை அவர் ஜெயித்த கதை. இனி மறுபாதி.

1920-களில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் ஆல்ஃபிரட் ஸ்லோன் வேறு வழியில் போனார். வருஷத்துக்கு வருஷம் மாடலை மாற்றினார். பல நிறம் கொடுத்தார். தவணையில் கொடுத்தார். பழைய வண்டியை எடுத்துக்கொண்டு புதியதைத் தந்தார். ஓடுகிற வண்டியையே மாற்றலாம் என்ற எண்ணம் ஜனங்களிடம் வேர்விட்டது இப்படித்தான். ஃபோர்டுக்கு இது பிடிக்கவில்லை. நன்றாக ஓடுவதை ஏன் தூக்கி எறிய வேண்டும் என்பது அவர் கட்சி.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் மாடல் டி-யின் குறைகள் ரிப்பேரில் தீரக்கூடியவை அல்ல. இரண்டு வேக கியர், சாலைகள் மேம்பட்ட காலத்தில் பற்றாத 20 குதிரைசக்தி, பலவீனமான பிரேக் எல்லாம் டிசைனிலேயே இருந்தவை. பாகத்தை மாற்றினால் போகாது. ஒரு தடவை, 1912-இல், உடனிருந்தவர்கள் ஆசையாகச் செய்து வைத்த புது மாதிரி வண்டியை அவர் தன் கையாலேயே பிய்த்துப் போட்டார் என்று கூட வேலை பார்த்தவர் சொல்லியிருக்கிறார். 1926 ஜனவரியில் எர்னஸ்ட் கான்ஸ்லர் என்ற மூத்த அதிகாரி, புது மாடல் வேண்டும் என்று பணிவாக எழுதிக் கொடுத்தார். சில மாதங்களில் அவர் வேலையை விட்டுப் போக நேர்ந்தது. கம்பெனித் தலைவராகப் பெயரளவில் இருந்த மகன் எட்செல் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். அப்பா கேட்கவில்லை.

கடைசியில் விற்பனை சரிந்தபின்தான் மனம் இறங்கினார். 1927 மே 26-ஆம் தேதி 1 கோடியே 50 லட்சமாவது மாடல் டி வெளியே வந்தது. அத்தோடு சரி. அடுத்த மாடலின் டிசைன் இன்னும் முடியவில்லை! தொழிற்சாலை மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. டெட்ராய்ட்டில் பல்லாயிரம் தொழிலாளர்கள் வேலையில்லாமல் நின்றார்கள். டிசம்பரில் மாடல் ஏ வந்தது. 40 குதிரைசக்தி, மூன்று வேகம், நான்கு சக்கரத்துக்கும் பிரேக். மக்கள் முண்டியடித்து வாங்கினார்கள். முதலாளியின் பிடிவாதத்துக்கு வட்டி கட்டியது தொழிலாளி வீட்டு அடுப்பு என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

ஒரு நல்ல காரியமும் செய்தார்கள். மாடல் டி-யின் எஞ்சினை 1941 வரை தயாரித்துக்கொண்டே இருந்தார்கள். வாங்கினவனை நடுத்தெருவில் விடவில்லை.

எங்கள் வீட்டுக் கணக்கு

இந்தக் கதையை நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. என் அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். கிளீனராக ஏறி, டிரைவராகி, ஒரு பழைய பிக்கப் வண்டியைச் சொந்தமாக வாங்கித் தேங்காய் லோடு அடிக்கிறார். போன வருஷம் அந்த வண்டி ஆயில் குடிக்க ஆரம்பித்தது. நீலப்புகை, ஏற்றத்தில் இழுவை இல்லை. எஃப்.சி.க்குக் காட்டும் நாளும் நெருங்கிவிட்டது. ஒரு பட்டறையில் காயலான் கடைக்குப் போட்டுவிடச் சொன்னார்கள். புது வண்டி விற்பவர்கள் தவணைக் கணக்கை நீட்டினார்கள். அம்மாவுக்குக் கடன் என்றாலே பயம். அப்பாவுக்கோ அது சோறு போட்ட வண்டி. வீட்டில் படிக்கிற பிள்ளை என்று முடிவை என்னிடம் விட்டுவிட்டார்கள். தவறாகச் சொன்னால் தங்கச்சி ஸ்கூல் ஃபீஸ் வரை இடிக்கும். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டேன். ஒன்றில் தேய்கிற சாமான்: பிஸ்டன் ரிங், பேரிங், கிளட்ச் பிளேட், பிரேக் லைனிங். இன்னொன்றில் வண்டியின் எலும்பு: சேஸ், கிராஸ் மெம்பர், ஸ்பிரிங் ஹேங்கர். வண்டிக்கு அடியில் படுத்து, சுத்தியலால் சேஸைத் தட்டித் தட்டிக் கேட்டேன். துரு மேலோடு இருந்தது, உள்ளே போகவில்லை. ஹேங்கர் பக்கத்தில் விரிசல் இல்லை. அடுத்து, இரண்டு வருஷ ரிப்பேர் செலவோடு, வண்டி படுத்த நாட்களில் போன லோடுகளையும் சேர்த்துக் கூட்டினேன். அந்த இரண்டாவது தொகையை அப்பா எப்போதும் எழுதுவதே இல்லை! மொத்தத்தையும் மாதத் தவணையோடு ஒப்பிட்டேன். எஞ்சின் வேலை முழுசாகச் செய்தாலும் ஆறேழு மாதத் தவணைக்குள் அடங்கியது. எலும்பு நன்றாக இருக்கிறது, தேய்ந்தது மட்டும்தான் தேய்ந்திருக்கிறது. ரிப்பேர் என்று சொன்னேன். பிரேக் வேலையில் மட்டும் ஒரு ரூபாய்கூட மிச்சம் பிடிக்கக் கூடாது என்றும் சொன்னேன்.

கூடவே ஒரு நிபந்தனை. சேஸில் வெல்டிங் வைக்கிற நாள் வந்தாலோ, சாமான் கிடைக்காமல் வண்டி வாரக்கணக்கில் நின்றாலோ, பாசம் பார்க்காமல் விற்றுவிட வேண்டும். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நோட்டை வாங்கி, அந்த நிபந்தனைக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். வண்டி எஃப்.சி. வாங்கி, இன்று ஓடிக்கொண்டிருக்கிறது.

கடைசி நாட்கள்

ஃபோர்டின் மற்ற தவறுகளையும் மறைக்கக் கூடாது. தன் பத்திரிகையில் யூதர்களுக்கு எதிராக 1920 முதல் வெறுப்புக் கட்டுரைகள் வெளியிட்டு, 1927-இல் மன்னிப்புக் கேட்டார். 1932-இல் வேலை கேட்டு அவருடைய தொழிற்சாலைக்கு ஊர்வலம் வந்தவர்கள் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். தொழிற்சங்கத்தை ஏற்காமல் வருஷக்கணக்கில் எதிர்த்துவிட்டு, 1941-இல்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். மாணவர் பேரவையின் மலரில் இதைச் சொல்லாமல் விட்டால் அது சரியாக இருக்காது.

1943 மே 26-இல் எட்செல் புற்றுநோயால் 49 வயதில் இறந்தார். கடைசி மாடல் டி-யை அப்பாவும் மகனும் சேர்ந்து ஓட்டி வெளியே கொண்டுவந்த அதே தேதி, 16 வருஷம் கழித்து. 80 வயதை நெருங்கிய தகப்பன் மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தார். 1945-இல்தான் பேரனிடம் பொறுப்பைக் கொடுத்தார். 1947 ஏப்ரல் 7-ஆம் தேதி இரவு, ரூஜ் ஆற்று வெள்ளத்தால் மின்சாரம் நின்றுபோயிருந்த வீட்டில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவர் உயிர் பிரிந்தது. மின்விளக்குக் கம்பெனியில் எஞ்சினியராக இருந்தவருக்கு அப்படி ஒரு கடைசி இரவு.

நண்பர்களே! நாளை நம்மில் பலர் பட்டறையிலும் டிப்போவிலும் மெயின்டனன்ஸ் பிரிவிலும் நிற்போம். யாரோ ஒரு டிரைவர், வண்டியைக் காட்டி, வைக்கலாமா விற்கலாமா என்று நம் முகத்தைப் பார்ப்பார். ஹெட்டைக் கழற்றும்படி வைத்த ஃபோர்டையும், கான்ஸ்லரின் கடிதத்தை ஒதுக்கிய ஃபோர்டையும் அப்போது சேர்த்தே நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கேட்பது நம் அபிப்பிராயத்தை மட்டும் அல்ல, அவர் வீட்டுச் சோற்றையும்தான். சுத்தியலை எடுத்து முதலில் சேஸைத் தட்டிப் பாருங்கள். பிறகு பேசுங்கள்.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை