குறி தவறாத ஆனி

சரித்திரத்தில் இடம்பெற்ற பெண்களுள் என்னை மிகவும் கவர்ந்தவர் ஆனி ஓக்லி. 1860ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்த அவர், ஐந்து வயதிலேயே தந்தையை இழந்தார். வறுமையால் தாயைப் பிரிந்து, கொடுமைக்காரர் வீடொன்றில் வேலைக்காரச் சிறுமியாகவும் சில காலம் துன்பப்பட்டார்.

தந்தை விட்டுச் சென்ற பழைய வேட்டைத் துவக்கை எட்டு வயதளவில் அவர் கையிலெடுத்தார். அத்தகைய துவக்கில் வெடிமருந்தை அளந்து குழாயின் வாய்வழியே கொட்டி, எண்ணெய் தடவிய துணியில் ஈயக் குண்டை வைத்து, கோலால் உள்ளே தள்ள வேண்டும். பிறகு ஒரே ஒரு தடவைதான் சுடலாம். தவறினால், மீண்டும் நிரப்புவதற்குள் இரை ஓடிவிடும். மருந்தின் அளவு மாறினால் குண்டு மேலும் கீழுமாகப் போகும். துணி தளர்ந்திருந்தால், குழாயினுள் உள்ள சுருள் தவாளிப்புகள் குண்டைச் சரிவரச் சுழற்றமாட்டா. நன்கு சுழலாத குண்டு நேரே செல்லாது. கரி படிந்த குழாயைத் துடைக்காவிட்டாலும் குறி பிசகும். ஆகவே, குறி தவறாமை என்பது விசையை இழுக்கும் கணத்தில் வருவதல்ல, அதற்கு முன் கவனமாகச் செய்யும் சிறு வேலைகளால் வருவது என்று நான் விளங்கிக்கொண்டேன்.

வேட்டையில் கிடைத்தவற்றைக் கிரீன்வில் நகரக் கடைக்காரருக்கு விற்று, 15 வயதில் தாயின் காணியின் ஈட்டுக் கடனை அவர் அடைத்தார். 1885இல் பஃபலோ பில்லின் காட்சிக் குழுவில் சேர்ந்து, 1887இல் லண்டனில் விக்டோரியா மகாராணியின் முன்னிலையிலும் தன் திறமையைக் காட்டினார்.

ஆனால் நான் அவரை நேசிப்பது இன்னொரு காரணத்துக்காக. 1903இல், போதைப்பொருளுக்காகத் திருடிச் சிறைப்பட்டார் என்று பத்திரிகைகள் அவரைப் பற்றிப் பொய்ச் செய்தி வெளியிட்டன. சிறைப்பட்டவளோ அவர் பெயரைச் சொல்லித் திரிந்த வேறொருத்தி. பல பத்திரிகைகள் மன்னிப்புக் கேட்டும் ஆனி அத்துடன் விடவில்லை. ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி இறங்கினார். தொடுத்த 55 வழக்குகளில் 54இல் வென்றார். கிடைத்த நட்டஈட்டை விடச் செலவே அதிகம். எனினும் பணமல்ல, நற்பெயரே அவரது குறி.

ஆயிரக்கணக்கான பெண்களுக்குத் துவக்குச் சுடப் பயிற்றுவித்த அவர் 1926இல் காலமானார்.

தோழியரே, நம்மைப் பற்றி ஒரு பொய் பரவும்போது அழுது ஒதுங்கிவிடுகிறோம். ஆனியோ நிதானமாக, ஒவ்வொன்றாக, குறி பார்த்தார். அந்த நிதானம் நமக்கும் வேண்டும்.