ஆம்ப்ளிஃபயரின் முதுகில் ஒரு பெயர்

எஸ்.பி.எம். தேர்வு முடிந்து வீட்டில் சும்மா இருந்த டிசம்பர் மாதம் அது. போர்ட் கிள்ளானில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் தாத்தாவின் பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்று துணி போர்த்திக் கிடந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய காலத்தில், கூடுதல் நேர வேலைக் காசைச் சேர்த்துத் தாத்தா வாங்கிய பெட்டி. அவருக்கு 80 வயது நிறையும் ஞாயிற்றுக்கிழமை அதைப் பாட வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அறையில் இரண்டு ஸ்பீக்கர், பின்வாசலில் உறவினர் உட்காரும் பந்தலில் மாமா கொடுத்த இரண்டு ஸ்பீக்கர் என்று திட்டம் போட்டேன்.

கேபிள் வாங்கக் காசு செலவழிப்பானேன் என்று, பழைய மேசை விளக்குகளிலிருந்து அறுத்தெடுத்த மெல்லிய ஒயரை ஒட்டுப்போட்டுப் பின்வாசல் வரை இழுத்தேன். பெட்டியின் பின்புறம் ஒரு ஜோடி ஸ்பீக்கருக்கு மட்டும்தான் முனைகள் இருந்தன. நான்கையும் அதிலேயே திணித்துத் திருகினேன். பாட்டு வந்தது. ஆனால் பந்தலில் இருந்த ஸ்பீக்கர்கள் சளி பிடித்தவர் பேசுவதுபோல் முனகின. சத்தத்தைக் கூட்டினேன். அரை மணி நேரத்தில் கருகிய வாடை, அப்புறம் மௌனம். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

கிள்ளானில் பழுது பார்ப்பவர் மூடியைக் கழற்றும் முன்பே, ஸ்பீக்கர்கள் எத்தனை ஓம் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஐந்தாம் படிவ இயற்பியலில் ஓம் விதிக் கணக்குகளை வரிசையாகப் போட்டவன் நான். பெட்டியின் முதுகிலேயே 4 ஓமுக்குக் குறையக் கூடாது என்று அச்சடித்திருந்தது. அதற்கும் பாடப்புத்தகத்துக்கும் தொடர்பு உண்டு என்பதே என் மண்டையில் ஏறியிருக்கவில்லை. அந்த வெட்கத்தில்தான் அந்தப் பெயருக்குரிய மனிதரைத் தேடிப் படித்தேன். நான் அரை மணி நேரத்தில் சந்தித்ததை அவர் வாழ்நாளின் பாதியில் சந்தித்திருந்தார்.

ஜார்ஜ் சைமன் ஓம் 1789ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பிறந்தார். தந்தை பூட்டு செய்யும் தொழிலாளி. தாய் தையற்காரர் ஒருவரின் மகள். ஓமுக்குப் பத்து வயதானபோது இறந்துவிட்டார். பிறந்த ஏழு பிள்ளைகளில் பிழைத்தவர்கள் மூவர். அந்தப் பூட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்காதவர். ஆனால் தானே கற்ற கணிதத்தையும் அறிவியலையும் மகன்கள் ஜார்ஜுக்கும் மார்ட்டினுக்கும் வீட்டிலேயே சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்த எர்லாங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர், கணித மேதைகள் நிறைந்த பெர்னூலி குடும்பத்தோடு அவர்களை ஒப்பிட்டுப் பேசினாராம். தம்பி மார்ட்டினும் பின்னாளில் கணிதப் பேராசிரியர் ஆனார்.

இவ்வளவு நல்ல தொடக்கத்துக்குப் பிறகு நம்மாள் என்ன செய்தார் தெரியுமா? 1805இல் பல்கலைக்கழகம் சேர்ந்து, நடனம், பனிச்சறுக்கு, பில்லியர்ட்ஸ் என்று பொழுதைக் கழித்தார். தந்தைக்குக் கோபம் வந்தது. மூன்று பருவங்களோடு படிப்பை நிறுத்திச் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பிவிட்டார். பதினேழு வயதில் அங்கே ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். மாலை நேரங்களில் பெரிய கணித நூல்களைத் தனியாகவே படித்தார். 1811இல் ஊர் திரும்பி அதே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். ஆனால் அங்கே கிடைத்த வருமானம் வயிற்றுக்குப் போதவில்லை. பாம்பெர்க் நகரில் ஒரு சுமாரான பள்ளியில் வேலை பார்த்தார்; அந்தப் பள்ளியும் 1816இல் மூடப்பட்டது. தாம் எழுதிய வடிவியல் புத்தகத்தை அவர் பிரஷ்ய மன்னருக்கு அனுப்பிவைக்க, 1817இல் கொலோன் நகரப் பள்ளியில் நல்ல வேலை கிடைத்தது. அந்தப் பள்ளியில் ஓர் ஆய்வுக்கூடம் இருந்தது. பட்டறையில் அப்பாவோடு பழகிய கைகள் அங்கே பயன்பட்டன. தமக்கு வேண்டிய கருவிகளை ஓம் தாமே செய்துகொண்டார்.

அவர் கேட்ட கேள்வி எளிமையானது. ஒரே மின்கலத்தோடு நீளமான கம்பியை இணைத்தால் மின்னோட்டம் எவ்வளவு குறைகிறது? 1825இல் ஒரு விடை வெளியிட்டார். அது தவறு. அக்கால மின்கலங்கள் அளந்துகொண்டிருக்கும்போதே சோர்ந்துபோகும். கம்பி குறைக்கிறதா, கலம் களைக்கிறதா என்று பிரித்தறிய முடியாது. ஆய்விதழ் ஆசிரியர் பொக்கெண்டார்ஃப் ஒரு யோசனை சொன்னார். மின்கலத்தை விட்டுவிட்டு, சில ஆண்டுகளுக்கு முன் தாமஸ் சீபெக் கண்டறிந்த வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்தலாமே என்பது அது. பிஸ்மத்தும் செம்பும் சேரும் இரு சந்திப்புகளில் ஒன்றைக் கொதிநீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்தால் மின்னழுத்தம் அசையாமல் நிற்கும்.

1826 ஜனவரியில் ஓம் ஒரே தடிப்புள்ள எட்டு செம்புக் கம்பிகளை எடுத்துக்கொண்டார். மிகச் சிறியது 2 அங்குலம், மிக நீளமானது 130 அங்குலம். தொங்கவிட்ட காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறது என்பதை வைத்து ஒவ்வொன்றின் மின்னோட்டத்தையும் அளந்தார். 2 அங்குலக் கம்பிக்குப் பதில் 4 அங்குலக் கம்பியைப் போட்டபோது மின்னோட்டம் பாதியாகவில்லை, கொஞ்சம்தான் குறைந்தது. 66 அங்குலத்திலிருந்து 130க்குப் போனபோதோ ஏறக்குறையப் பாதியானது. ஏன் இப்படி? கருவியின் மற்றப் பாகங்களுக்கும் தடை உண்டு. அது சுமார் 20 அங்குலக் கம்பிக்குச் சமம் என்று ஓம் கண்டார். அந்த 20ஐயும் கூட்டிக்கொண்டால் எல்லா அளவுகளும் ஒரே சூத்திரத்தில் அடங்கின. மின்சுற்றில் ‘வெறும் கம்பி’ என்று ஒன்று கிடையாது, எல்லாமே கணக்கில் சேரும் என்பதுதான் அவர் கண்டது. நாம் மனப்பாடம் செய்யும் மூன்றெழுத்துச் சூத்திரத்தின் சாரம் அதுதான்.

என் தவற்றை இந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். எங்கள் பெட்டி 8 ஓம் ஸ்பீக்கரில் 50 வாட் தரக்கூடியது. அப்படியென்றால் 20 வோல்ட், 2.5 ஆம்பியர். ஸ்பீக்கர் 4 ஓம் என்றால் அதே 20 வோல்ட்டுக்கு 5 ஆம்பியர். ஒரே முனையில் 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பக்கவாட்டில் சேர்த்தால் 2 ஓம். மின்னோட்டம் 10 ஆம்பியர். பாவம், அந்த டிரான்சிஸ்டர்கள் என்ன செய்யும்!

பந்தலில் சத்தம் முனகியதற்குக் காரணம் வேறு. பின்வாசல் 15 மீட்டர். போக ஒன்று, வர ஒன்று என்று மொத்தம் 30 மீட்டர் செம்பு. நான் இழுத்த ஒயரின் குறுக்களவு 0.5 சதுர மில்லிமீட்டர். அதன் தடை சுமார் 1 ஓம். 4 ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் 1 ஓம் கம்பி நின்றால், அந்தப் பாதையில் போகும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு ஒயரைச் சூடாக்குவதிலேயே தீர்ந்துவிடும். அதே தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கேபிள் போட்டால் தடை 0.2 ஓம்தான். கேபிளின் தடை ஸ்பீக்கருடைய ஓமில் 5 விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்பது பொதுவான கணக்கு. அதற்கு வேண்டியது செம்பின் தடிப்புதான். தங்க முலாம், பாம்புத் தோல் உறை என்று விலையை ஏற்றுபவர்களிடம் நீங்கள் தாராளமாக ஓமின் பெயரைச் சொல்லலாம்.

சிவப்பு, வெள்ளை முனையுள்ள ஆர்.சி.ஏ. கேபிள் மட்டும் ஏன் மெல்லியதாக இருக்கிறது என்று கேட்பீர்கள். அதற்கும் இதே விதிதான். சிடி பிளேயர் தருவது சுமார் 2 வோல்ட். அதை வாங்கும் ஆம்ப்ளிஃபயர் முனையின் தடை பல்லாயிரம் ஓம். ஓடும் மின்னோட்டம் ஒரு மில்லி ஆம்பியரில் சிறு பகுதி. அங்கே தடிப்பு தேவையில்லை. ஆனால் பக்கத்து மின்கம்பிகளின் இரைச்சல் புகாதபடி சுற்றிலும் வலைபோன்ற உலோக உறை வேண்டும். அந்தக் கேபிளை எடுத்து ஸ்பீக்கருக்குப் போடுவதும், ஸ்பீக்கர் ஒயரை எடுத்துச் சிடி பிளேயருக்குப் போடுவதும் தொடக்கநிலையினர் எல்லாரும் செய்யும் தவறு.

ஓமிடம் திரும்புவோம். சம்பளத்தில் பாதியோடு விடுப்பு எடுத்துக்கொண்டு பெர்லினில் இருந்த தம்பியிடம் போய், 1827இல் தம் கண்டுபிடிப்பைக் கணித நூலாக வெளியிட்டார். பல்கலைக்கழகப் பதவி கிடைக்கும் என்று நம்பித்தான் அத்தனையும் செய்தார். கிடைத்தது அலட்சியம். இயற்கையைக் கணக்கால் அளப்பதையே விரும்பாத அறிஞர்கள் அப்போது ஜெர்மனியில் செல்வாக்கோடு இருந்தார்கள். நூலை மிகக் கடுமையாகத் தாக்கி விமர்சனமும் வந்தது. மனமுடைந்த ஓம் 1828இல் கொலோன் வேலையைத் துறந்தார். 39 வயதில், பெர்லின் இராணுவப் பள்ளியில் வாரத்துக்குச் சில மணி நேரம் கணக்குச் சொல்லிக் கொடுத்துக் காலம் தள்ளினார். அவருக்குத் திருமணம் ஆகவே இல்லை. 1833இல் நியூரம்பெர்க் தொழில்நுட்பக் கல்லூரியில் வேலை கிடைக்கும்வரை இதே நிலைதான். அந்த ஐந்தாண்டுகளைப் பற்றிப் புத்தகங்கள் இரண்டு வரியில் கடந்துவிடுகின்றன. எனக்கு அப்படிக் கடக்க முடியவில்லை. சரியான விடையைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் கேட்காமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருந்திருக்கும்?

அங்கீகாரம் வெளிநாட்டிலிருந்து வந்தது. 1841இல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் கோப்ளி பதக்கம் அளித்தது. இரண்டாண்டு கழித்து ஓம் இன்னொரு விதி சொன்னார். பள்ளிப் பாடத்தில் இல்லாவிட்டாலும் ஒலிப் பிரியர்களுக்கு அதுதான் நெருக்கமானது. எவ்வளவு சிக்கலான ஓசையையும் காது எளிய தனிச் சுரங்களாகப் பிரித்தே கேட்கிறது என்பது அந்த விதி. அதைக் கடுமையாக எதிர்த்தவர் ஆகஸ்ட் சீபெக். ஓமுக்கு வெப்ப மின்னிரட்டையைத் தந்த தாமஸ் சீபெக்கின் மகன்! ஓம் இறந்த பிறகுதான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அந்த விதிக்கு உயிர் கொடுத்தார்.

இளமையிலிருந்து ஏங்கிய பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் பதவி, மியூனிக்கில் 1852இல் கிடைத்தது. 1854ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் அவர் காலமானார். ஆசைப்பட்ட நாற்காலியில் உட்கார்ந்தது இரண்டே ஆண்டுகள்.

அவர் விதியின் அருமையை உலகத்துக்கு உணர்த்தியதும் ஒரு கேபிள்தான். 1858இல் அட்லாண்டிக் கடலுக்கடியில் போட்ட முதல் தந்திக் கேபிள் சில வாரங்களில் செத்தது. உள்ளிருந்த செம்பு ஒரு கடல் மைலுக்கு 107 பவுண்டு. செய்தி மெதுவாகப் போக, அதிக மின்னழுத்தத்தைத் திணித்துப் பார்த்தார்கள். நான் சத்தத்தைக் கூட்டியது மாதிரி. 1866இல் 300 பவுண்டு செம்போடு போட்ட கேபிள் நிலைத்தது. அந்தக் கேபிள்களின் செம்பைச் சுற்றிக் காப்புறையாகப் போட்ட கெத்தா பெர்ச்சா என்னும் மரப்பால், நம் மலாயாக் காடுகளும் அண்டைத் தீவுகளும் தந்த பொருள். இவ்வளவு தூரக் கம்பிக்குத் தடையை அளக்க ஒரு பொது அலகு தேவைப்பட்டது. 1881இல் பாரிஸ் மாநாட்டில் உலக நாடுகள் அதற்கு ஏற்றுக்கொண்ட பெயர்தான் ஓம்.

பெட்டி திரும்பி வர ஒரு மாதமும், பகுதி நேர வேலையில் நான் சம்பாதித்த 180 ரிங்கிட்டும் ஆயின. இந்த முறை முதலில் மின்செருகியைப் பிடுங்கினேன். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் வாங்கினேன். ஒரு இழைகூடப் பக்கத்து முனையைத் தொடாதபடி முறுக்கி, சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று பூட்டினேன். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் இது மாறினால், ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்து, கனத்த ஓசை காணாமல் போய்விடும். ஒரு நேரத்தில் ஒரு ஜோடி மட்டும் பாடும்படி நடுவில் ஒரு சுவிட்ச் வைத்தேன்.

பிறந்தநாள் எப்போதோ முடிந்திருந்தது. அன்று மாலை மின்னல் எஃப்.எம். செய்தி ஓடிக்கொண்டிருந்தது. தாத்தா பின்வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.