காலடியில் விழுந்த தட்டு!

குழந்தைகளே! மேடையில் பாடும்போது பாதியில் மறந்துபோய், எல்லோரும் சிரித்ததால் அழுதிருக்கிறீர்களா? அப்படியென்றால் சார்லி பார்க்கரின் கதை உங்களுக்குத்தான்.

இவர் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் 1920-ம் ஆண்டு ஆகஸ்ட் 29-ந் தேதி பிறந்தார். தாய் இரவு வேலைக்குச் சென்று மகனை வளர்த்தார். அவருக்கு சாக்ஸபோன் வாங்கிக் கொடுத்தவரும் தாய்தான்.

ஜாஸ் இசையில், பாட்டின் போக்கு மாறாமல் அந்த நிமிடத்தில் மனதில் தோன்றுவதைக் கற்பனையாக வாசிக்க வேண்டும். 1936-ல் பெரிய கலைஞர்கள் கூடிய ரீனோ கிளப்பில் சார்லி வாசித்தார். நடுவில் வழி தவறிவிட்டார். டிரம்ஸ் வாசித்த ஜோ ஜோன்ஸ், உலோகத் தட்டு ஒன்றைக் கழற்றி அவர் காலடியில் வீசினார். 'டணார்' என்று சத்தம்! கூட்டம் சிரித்தது. சார்லி தலைகுனிந்து வெளியேறினார்.

ஆனால் சாக்ஸபோனைத் தூக்கி எறியவில்லை. 1937 கோடையில் ஓர் இசைக்குழுவுடன் ஓசார்க் மலைப்பகுதிக்குப் போனார். கூடவே லெஸ்டர் யங் என்ற மேதை வாசித்த இசைத்தட்டுகளையும் எடுத்துச் சென்றார். அந்தக் காலத் தட்டில் ஒரு பக்கம் சுமார் 3 நிமிடம்தான் ஓடும். ஓர் இடத்தை மறுபடி கேட்க வேண்டுமானால், ஊசியைத் தூக்கித் திரும்ப வைக்க வேண்டும். லெஸ்டர் வாசித்தது பெரிய டெனர் சாக்ஸபோன். சார்லியிடம் இருந்ததோ சிறிய ஆல்ட்டோ. ஒரே சுரத்துக்கு இரண்டிலும் விரல் வைக்கும் முறை வேறு. காதுதான் ஆசிரியர்! கேட்டுக் கேட்டே லெஸ்டரின் வாசிப்பு முழுவதையும் கற்றார். புரியாததைக் குழுவின் பியானோ, கிட்டார் கலைஞர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

அவர் ஊர் திரும்பியதும், சிரித்தவர்கள் வியந்தார்கள்.

சார்லி லெஸ்டரின் நகலாக நின்றுவிடவில்லை. டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பி போன்றோருடன் சேர்ந்து, 'பீபாப்' என்ற அதிவேகமான புதிய ஜாஸ் பாணியை உருவாக்கினார். 1945-ல் பதிவான 'கோ-கோ' அவருக்குப் பெரும்புகழ் தந்தது. 'பறவை' என்ற அவரது செல்லப்பெயரால், 1949-ல் நியூயார்க்கில் 'பேர்ட்லேண்ட்' என்ற இசை அரங்கமே திறக்கப்பட்டது.

ஒரு வருத்தமான செய்தியும் உண்டு. சிறு வயதிலேயே தொற்றிய போதைப் பழக்கம் அவர் உடலை அரித்தது. 1955 மார்ச் 12-ந் தேதி, 34 வயதிலேயே இறந்துபோனார்.

காலடியில் விழுந்த தட்டை வென்றவரால் போதையை வெல்ல முடியவில்லை. அவரது உழைப்பை எடுத்துக்கொள்ளுங்கள், குழந்தைகளே. அந்தப் பழக்கத்தைக் கிட்டவே நெருங்க விடாதீர்கள்!