பசேயிக் ஆற்றில் தாழ்ந்த படகு

கீரிமலைக் கேணியில் நீந்திவிட்டுப் பக்கத்துக் கடலில் இறங்கியவர்களுக்கு இது தெரியும். கேணியில் கை கால் அடிக்க வேண்டும். கடலோ ஆளைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். கடல்நீர் நன்னீரைவிட ஏறக்குறைய 2.5 வீதம் பாரம் கூடியது. 1878இல், நாம் இப்போது வாழும் நியூ ஜேர்சியில், இந்தச் சின்ன வித்தியாசம் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் காலை வாரிவிட்டது.

அவர் ஜோன் பிலிப் ஹொலண்ட். 1841இல் அயர்லாந்தின் கிளேர் கரையோரத்தில் பிறந்தவர். 1873இல் அமெரிக்காவுக்கு வந்து பற்றர்சன் நகரில் படிப்பித்தார். அவருடைய நீர்மூழ்கித் திட்டத்தை அமெரிக்கக் கடற்படை ஏற்கவில்லை. காசு கொடுத்தவர்கள் பீனியன்கள். பிரித்தானியாவிடமிருந்து தாய்நாட்டை விடுவிக்க இங்கிருந்து நிதி சேர்த்த ஐரிஷ்காரர்கள். அந்த நிதி எப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்திருக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதற் படகின் நீளம் 14 அடி. பசேயிக் ஆற்றில் இறக்கியதும் தாழ்ந்துபோனது. உப்புநீரை நினைத்துப் போட்ட கணக்கு, ஆறோ நன்னீர். சுமார் 2.25 தொன் படகுக்கு 2.5 வீதம் என்றால் ஐம்பது கிலோவுக்கு மேல். ஓர் ஆளின் பாரம்! ஹொலண்ட் அதைச் சரிசெய்து, சில நாட்களில் தாமே உள்ளே அமர்ந்து ஆற்றுக்குள் மூழ்கி எழுந்தார். படகை முழுப் பாரமாக்கித் தாழ்த்தாமல், மிதக்கும் தன்மையைச் சிறிது மீதம்வைத்து, ஓடும் வேகத்திலேயே சுக்கான் தகட்டால் மூக்கைக் கீழே திருப்பி மூழ்கச் செய்வதுதான் அவருடைய வழி. இயந்திரம் நின்றாலும் படகு தானாக மேலே வரும்.

31 அடி நீளமான அடுத்த படகு 1881இல் நீரில் இறங்கியது. பிறகு இயக்கத்துக்குள் காசுச் சண்டை. 1883 நவம்பரில் ஓர் இரவு, ஹொலண்டின் கையெழுத்தைப் போலியாக இட்ட அனுமதிச் சீட்டுடன், சொந்த ஆட்களே படகை நியூ ஹேவனுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். கொண்டுபோனவர்களுக்கு அதை ஓட்டத் தெரியவில்லை. ஹொலண்ட் அவர்களோடு மீண்டும் சேரவில்லை.

1897இல் எலிசபெத் நகரில் இறக்கிய படகை 1900 ஏப்ரல் 11 அன்று கடற்படை 150,000 டொலருக்கு வாங்கியது. அடுத்த ஆண்டே பிரித்தானியாவும் அவருடைய வடிவமைப்பில் தன் முதல் நீர்மூழ்கியைக் கட்டி, அதற்கு அவர் பெயரையே வைத்தது. எந்தக் கடற்படைக்கு எதிராகத் தொழிலாளர் காசு கொடுத்தார்களோ, அதே கடற்படை! கம்பனி அப்போது வேறு கைகளில் இருந்தது. சில ஆண்டுகளில் ஹொலண்ட் அதைவிட்டு விலகினார். 1914 ஆகஸ்ட் 12 அன்று நியூவார்க்கில் காலமானார்.

அந்த முதல் இரண்டு படகுகளும் பற்றர்சன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம். சின்னதை ஹொலண்டே பசேயிக்கில் அமிழ்த்திவிட்டிருந்தார். 1927இல்தான் அதை வெளியே எடுத்தார்கள்.