கொள்ளிடத்துக்குக் கணக்குத் தீர்த்த காட்டன் துரை

அரியலூர் மாவட்டத்தின் தெற்கு எல்லையில் கொள்ளிடம் ஓடுகிறது. ஜெயங்கொண்டத்தில் இருந்து மீன்சுருட்டி வழியாகக் கும்பகோணம் போகிறவர்கள் அணைக்கரையில் அந்த ஆற்றைக் கடப்பார்கள். அங்கே ஆற்றின் குறுக்கே நீண்டு கிடக்கும் அணைக்குக் கீழணை என்று பெயர். 1836-ம் ஆண்டு அதைக் கட்டியவர் ஒரு வெள்ளைக்காரர். பெயர் ஆர்தர் காட்டன். அப்போது அவருக்கு வயது 33.

காட்டன் 1803-ம் ஆண்டு மே 15-ந் தேதி இங்கிலாந்தில் பிறந்தார். பெரிய குடும்பம். அதில் அவர் பத்தாவது மகன். 15 வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவப் பள்ளியில் சேர்ந்து என்ஜினீயர் ஆனார். 1821-ல் சென்னைக்கு வந்தார். பர்மா யுத்தத்துக்கும் போய் வந்தார். அதன் பிறகுதான் காவிரி வேலை அவரிடம் வந்தது.

அப்போது காவிரியின் நிலைமை மோசமாக இருந்தது. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம். தெற்கே போவது காவிரி. இரண்டில் கொள்ளிடத்துக்குச் சரிவு அதிகம். பள்ளத்தைக் கண்டால் தண்ணீர் விடுமா? வருஷத்துக்கு வருஷம் கொள்ளிடம் அதிகத் தண்ணீரை இழுத்துக் கொண்டது. காவிரியின் வாயில் மணல் மேடிட்டது. கொள்ளிடத்தில் வெள்ளம் புரண்டு கடலுக்குப் போகும். தஞ்சாவூர் ஜில்லாவில் நாற்று வாடும். மணலை வாரினார்கள். அடுத்த வெள்ளம் மறுபடியும் கொண்டுவந்து போட்டது.

காட்டன் கல்லணையைப் போய்ப் பார்த்தார். அடியில் பாறை இல்லை. எவ்வளவு தோண்டினாலும் மணல்தான். அந்த மணல்மேலேயே பழைய காலத்துத் தமிழர்கள் அணை கட்டி நிறுத்தியிருந்தார்கள். இதைக் கண்டு அவர் வியந்தார். அந்தப் பாடத்தை அங்கேயே கற்றுக்கொண்டார். அதைப் பிற்காலத்தில் வெளிப்படையாக எழுதியும் வைத்தார். அந்த நாளில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி இப்படி ஒப்புக்கொண்டது பெரிய காரியம்தான்.

முக்கொம்பில், கொள்ளிடத்தின் தலைமாட்டில், 1836-ல் மேலணை எழுந்தது. மணலில் வட்டக் கிணறுகளை இறக்கி அவற்றின்மேல் சுவர் வைத்தார்கள். காவிரிக்குத் தண்ணீர் திரும்பியது. தஞ்சாவூர் பிழைத்தது.

கீழே இருப்பவர்கள் கதி?

ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்குக் குறையும். கொள்ளிடத்தை நம்பிச் சிதம்பரம் பக்கத்தில் ஏராளமான வயல்கள் இருந்தன. அது தென்னார்க்காடு ஜில்லா. வீராணம் ஏரியும் அந்தப் பக்கத்தில்தான். தலைமாட்டில் ஆற்றை மறித்துவிட்டால் அந்தக் குடியானவர்கள் எங்கே போவார்கள்?

காட்டன் இந்தக் கணக்கையும் சேர்த்தே போட்டிருந்தார். அதுதான் கீழணை. மேலணையில் இருந்து ஏறத்தாழ 70 மைல் கிழக்கே, கொள்ளிடத்தின் குறுக்கே அதே ஆண்டில் கட்டினார். மேலணையைத் தாண்டிவரும் வெள்ளமும், கல்லணையில் மிஞ்சிக் கொள்ளிடத்தில் விழும் தண்ணீரும் அங்கே தேங்கின. பச்சைமலைப் பக்கம் பெய்யும் மழையும் அதில் சேர்த்தி. பெரம்பலூர்ச் சீமையில் இருந்து வரும் மருதையாறு அரியலூர்ப் பகுதியில் கொள்ளிடத்தோடு கலக்கிறது அல்லவா? கீழணையின் வடகரை வாய்க்கால்கள் தென்னார்க்காட்டுக்கும், தென்கரை வாய்க்கால்கள் தஞ்சாவூர் ஜில்லாவுக்கும் தண்ணீர் கொடுத்தன.

ஆனாலும் கணக்கு ஒரே தடவையில் சரியாகிவிடவில்லை. மேலணை வந்தபிறகு காவிரிக்குத் தண்ணீர் அளவுக்கு மீறிப் பாய்ந்தது. அதன் அடிமணல் அரித்துப் போயிற்று. கரைகளுக்கே ஆபத்து வந்தது. 1840-களில் மேலணையின் நடுப்பகுதியை இறக்கினார்கள். காவிரியின் வாயிலும் குறுக்கே ஒரு தளச்சுவர் போட்டார்கள். அதன் பிறகே இரு ஆறுகளும் ஒரு நிலைக்கு வந்தன.

அதற்குள் காட்டன் கோதாவரிக்குப் போய்விட்டார். 1847-ல் தவளேசுவரத்தில் அணை வேலையைத் தொடங்கினார். அது 1852-ல் முடிந்தது. ஆந்திராவில் இன்றும் அவருக்குச் சிலைகள் இருக்கின்றன. 1861-ல் சர் பட்டம் கிடைத்தது. ரெயில் பாதைக்குச் செலவழிப்பதைக் காட்டிலும் ஆறுகளைக் கால்வாய்களால் இணைப்பது மேல் என்று கடைசிவரை வாதாடினார். துங்கபத்திரைத் தண்ணீரை வைத்துத் தனியார் கம்பெனி வெட்டிய கால்வாய் நஷ்டத்தில் முடிந்தது. அது அவருடைய திட்டம்தான். அவருடைய எதிரிகளுக்கு அது நல்ல சாக்காயிற்று.

முக்கொம்பில் ஜில்லாக்களுக்குள் இருந்த பிரச்சினை, பிறகு ராஜ்யங்களுக்குள் வந்தது. 1892-ல் மைசூரும் சென்னை மாகாணமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதில் சொன்ன ஆறுகளில், சென்னையின் சம்மதம் இல்லாமல் மைசூர் புதிய அணை கட்டக்கூடாது என்பது அதன் சாரம். அப்போது காட்டன் உயிரோடு இருந்தார். வயது 88. 1924-ல் இன்னோர் ஒப்பந்தம் வந்தது. பிறகு நடுவர் மன்றம் வந்தது. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. தண்ணீர் பிலிகுண்டுலுவில் வந்துசேர வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி.

காட்டன் தம் முதுமையை இங்கிலாந்தில் டார்க்கிங் என்ற ஊரில் கழித்தார். அங்கேயும் சும்மா இருக்கவில்லை. மண்ணை ஆழமாகக் கொத்திக் கோதுமை பயிரிட்டு, விளைச்சல் கூடுகிறதா என்று பார்த்துக் கொண்டிருந்தார். 1899-ம் ஆண்டு ஜூலை 24-ந் தேதி காலமானார்.

கீழணை பிற்காலத்தில் மாற்றிக் கட்டப்பட்டது. அங்கே தேங்கும் தண்ணீர் வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போகிறது. 2004-ம் ஆண்டில் இருந்து, அந்த ஏரியில் இருந்து சென்னைக்குக் குழாயில் குடிதண்ணீர் போகிறது.