வெறுங்காலுடன் கிளாஸ்கோ சென்றவர்

எங்கள் கரிசல் வட்டாரத்தில் மாலை நேரத்தில் கோவில்பட்டிப் பக்கம் செல்பவர்கள், கையில் ஹாக்கி மட்டையுடன் மிதிவண்டியில் விரையும் சிறுவர்களைக் காணலாம். தீப்பெட்டித் தொழிலையும் கடலைமிட்டாயையும் போலவே ஹாக்கியும் அவ்வூரின் அடையாளம். எட்டயபுரத்திலிருந்து அவ்வழியே செல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழுவதுண்டு. இவர்களில் ஒருவரோ இருவரோ இந்திய அணியை எட்டுவர். மற்றவர்களின் கதி என்ன?

விளையாட்டு வரலாறு பெரும்பாலும் கோப்பையைக் கையில் ஏந்தியவர்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அணி விட்டு அணி மாறி, திறமையிருந்தும் உச்சத்தைத் தொடாமல் ஓய்ந்தவர்களே எண்ணிக்கையில் மிகுதி. அவர்களுள் ஒருவராக இருந்தும் வரலாற்றில் இடம்பெற்றவர் கொல்கத்தாவின் முகமது சலீம். ஐரோப்பியக் கால்பந்துக் கழகம் ஒன்றின் சீருடையில் களமிறங்கிய முதல் இந்தியராக அறியப்படும் அவருடைய வாழ்க்கை, எங்கள் ஊர்ச் சிறுவர்களுக்கும் தொடர்புடையது என்பது என் கருத்து.

1904-ஆம் ஆண்டு கொல்கத்தாவில் எளிய குடும்பத்தில் பிறந்தவர் சலீம். அவருக்கு ஏழு வயதானபோது, 1911-இல், மோகன் பகான் அணி ஐ.எப்.ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டத்தில் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என வென்றது. பூட்ஸ் அணிந்த ஆங்கிலேயப் படைவீரர்களைப் பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடியவர்கள் வீழ்த்திய செய்தி வங்கத்து இளைஞர்களைப் பந்தின் பின்னே ஓடச் செய்தது. சலீமும் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர்.

பக்கவாட்டில் பந்தைக் கடத்திச் செல்வதில் வல்லவரான அவர், 1926 தொடங்கிச் சித்தரஞ்சன் கழகம், முகமதன் ஸ்போர்ட்டிங்கின் இரண்டாம் அணி, ஸ்போர்ட்டிங் யூனியன், ஈஸ்ட் பெங்கால், ஆரியன்ஸ் எனப் பல அணிகளில் ஆடினார். ஏறத்தாழ எட்டாண்டுகள் இப்படியே கழிந்தன. அக்காலக் கொல்கத்தாக் கால்பந்தில் ஊதியம் என்ற பேச்சு இல்லை. ஆட்டக்காரர் பிழைப்புக்கு வேறு வழி தேட வேண்டும். ஆட்டத்தில் கிடைப்பது கைதட்டல் மட்டுமே.

1934-இல் அவர் முகமதன் ஸ்போர்ட்டிங்குக்குத் திரும்பினார். அவ்வாண்டு கொல்கத்தா லீக் பட்டத்தை வென்ற முதல் இந்திய அணி என்னும் பெருமையை அக்கழகம் பெற்றது. 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை பட்டம் அதன் வசமே இருந்தது. ஈரத் தரையில் ஆட மெல்லிய பூட்ஸ்களை அக்கழகம் தன் வீரர்களுக்கு அறிமுகப்படுத்தியது. சலீமோ வெறுங்கால் ஆட்டத்தையே விரும்பினார்.

1936-இல் அவர் வாழ்வில் ஒரு திருப்பம் நேர்ந்தது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வசித்த உறவினர் ஒருவர் விடுமுறையில் கொல்கத்தா வந்தபோது, சலீமின் ஆட்டத்தைக் கண்டு, அவரைக் கப்பலில் தம்முடன் அழைத்துச் சென்றார். அங்கே செல்டிக் கழகத்தின் மேலாளர் வில்லி மேலியிடம் அவரை நிறுத்தினார். செல்டிக் அப்போதுதான் ஸ்காட்லாந்து லீக் பட்டம் வென்றிருந்த பெரிய அணி. வெறுங்காலுடன் ஆட ஓர் இந்தியர் வந்து நிற்பது மேலிக்கு வியப்பாகவே இருந்திருக்கும். ஆனால், சோதனை ஆட்டத்தில் சலீம் பந்தைக் கையாண்ட விதம் அவருடைய ஐயத்தைப் போக்கியது.

செல்டிக்கின் முதன்மை அணியில் அவர் ஆடவில்லை. இரண்டாம் நிலை அணிகளுக்கான அலையன்ஸ் லீக்கில் இரண்டு ஆட்டங்கள் ஆடினார். ஹாமில்டன் அணியை 5-1 எனவும், கால்ஸ்டன் என்னும் சிற்றூர் அணியை 7-1 எனவும் செல்டிக் வென்றது. சலீமின் பாதங்களுக்குக் கட்டுத் துணி சுற்றிவிடும் ஜிம்மி மெக்மெனமியின் புகைப்படம் இன்றும் புகழ்பெற்றது. மெக்மெனமி செல்டிக்கின் முன்னாள் நட்சத்திரம். காலனி நாட்டிலிருந்து வந்த ஒருவரின் காலடியில் அவர் குனிந்து அமர்ந்திருக்கும் அந்தக் காட்சி, அக்கால அரசியலை நினைத்துப் பார்த்தால் சாதாரணமானதன்று. ஸ்காட்லாந்துப் பத்திரிகைகள் அவரைப் பந்தில் வித்தை காட்டுபவராகவே வர்ணித்தன.

செல்டிக் கழகம் அவரைத் தங்கவைக்க முயன்றது. சில மாதங்களிலேயே ஊர் நினைவு அவரை வாட்டியது. தமக்கு வரவேண்டிய தொகையை ஆதரவற்ற குழந்தைகளுக்கு அளிக்கச் செய்துவிட்டு அவர் நாடு திரும்பினார் என்று சொல்லப்படுகிறது. மீண்டும் முகமதன் ஸ்போர்ட்டிங்கில் ஆடினார்; பின்னர் மெல்ல மறக்கப்பட்டார். 1980-இல் காலமானார்.

முதுமையில் அவர் நோயுற்றிருந்தபோது, செல்டிக் கழகம் தம் தந்தையை நினைவில் வைத்திருக்கிறதா என்றறியும் ஆவலில், சிகிச்சைக்குப் பணம் தேவைப்படுவதாக மகன் ஒரு கடிதம் எழுதினாராம். 100 பவுண்டுக்கான காசோலையுடன் பதில் வந்தது. அக்காசோலை பணமாக்கப்படாமல் குடும்பத்தின் நினைவுப் பொருளாயிற்று என மகன் பின்னாளில் கூறியிருக்கிறார். இரண்டே ஆட்டங்கள் ஆடியவரை, நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் ஓர் அயல்நாட்டுக் கழகம் நினைவில் வைத்திருந்தது.

பொருளியல் படித்தவன் என்ற முறையில் நான் இதில் காண்பது நிறுவனத்தின் நினைவாற்றலை. ஸ்காட்லாந்து 1893-லேயே தொழில்முறைக் கால்பந்தை ஏற்றுக்கொண்டது. அங்குள்ள கீழ்நிலை அணிகளில் இன்றும் பலர் வாரநாள்களில் வேறு வேலை பார்த்து, சனிக்கிழமைகளில் சிறு ஊதியத்துக்கு ஆடுகிறார்கள். பெரும்புகழ் பெறாத ஆட்டக்காரருக்கும் அங்கே ஒப்பந்தம் உண்டு; கழகப் பதிவேட்டில் ஓர் இடமும் உண்டு. நம் நாட்டில் அந்தப் பொறுப்பை ரயில்வே, காவல் துறை, வங்கிகள் போன்றவை வேலைவாய்ப்பின் வழியே ஓரளவு ஏற்றன. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருப்பதும் வரவேற்கத்தக்கது.

ஆனால், இவையெல்லாம் குறிப்பிட்ட நிலையில் பதக்கமோ சான்றிதழோ பெற்றவர்களுக்கே எட்டுகின்றன. பதினெட்டு வயதில் முழங்கால் காயமுற்று வெளியேறும் சிறுவனுக்கு என்ன வழி? மாவட்ட அணியோடு நின்றுவிடும் தீப்பெட்டித் தொழிலாளியின் மகளுக்கு என்ன வழி? கோவில்பட்டியில் செயற்கைப் புல்தரை மைதானமும் விளையாட்டு விடுதியும் உள்ளன. அவற்றோடு, பயிற்சி பெறும் ஒவ்வொருவருக்கும் காயக் காப்பீடு, தடைபட்ட படிப்பைத் தொடர உதவி, ஆட்டத்தை விட்டவர்களுக்குப் பயிற்றுநராகவோ நடுவராகவோ ஆகும் பயிற்சி ஆகியவற்றையும் அரசு உறுதிசெய்ய வேண்டும். ஆடியவர்கள் அனைவரின் பெயரையும் ஆவணப்படுத்தும் ஒரு பதிவேட்டையாவது மாவட்ட விளையாட்டு அலுவலகம் பேணலாம். அதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

சலீமுக்கு ஊர் திரும்ப ஒரு கப்பல் இருந்தது. திரும்பியபின் ஆட ஓர் அணியும் இருந்தது. மைதானத்தைவிட்டு வெளியேறும் நம் பிள்ளைகளுக்கும் திரும்பிச் செல்ல ஓரிடம் இருக்க வேண்டும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).